சிக்ஸ்டனின் பதின்மூன்று மில்லிமீட்டர் எலும்பு

பெரிட் ஹால்கிரேனுக்குக் கோபம் வந்தால் எங்கள் கட்டடத்துச் சலவை அறையின் மூன்றாம் எண் இயந்திரத்துக்குத்தான் கஷ்டகாலம். துணியைக் குத்தித் திணித்து, கதவை அறைந்து சாத்துவாள். இரண்டே வருடத்தில் அந்த இயந்திரம் சுவரை விட்டு ஒரு சாண் நகர்ந்துவிட்டது. அதற்குக் காரணம் அவள் கணவன் சிக்ஸ்டனின் வாயில், வலது பக்கம், மேல்வரிசையில் இருந்த ஐந்து மில்லிமீட்டர் எலும்பு. செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்கு அடுத்த முறை என்னுடையது. என் துணி நனைவதற்குள் முழுக்கதையும் என் காதில் விழுந்துவிடும்.

குழுக்கள் மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் வாசல் கதவுக்கு வண்ணம் தேர்ந்தெடுக்க நான்கு வருடம் பேசினோம். சாம்பல் நிறம் என்று ஒருமனதாக முடிவானது. முன்பும் அது சாம்பல் நிறம்தான். ஆனால் கதவுக்குப் பசிக்காது, காத்திருக்கும்.

சிக்ஸ்டன் வடக்கே மரம் அறுக்கும் ஊரிலிருந்து முப்பது வருடத்துக்கு முன் எங்கள் யோதெபொரி நகரத்துக்கு வந்தவர். இங்கே மொறுரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் கடித்துப் பார்ப்பவர். அப்படி ஒரு வேலை உண்டா என்று சிரிக்காதீர்கள். ரை மாவில் சுட்ட அந்தத் தட்டை ரொட்டி ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் வெளியே வரும்போது நான்கு துண்டுகள் அவர் மேசைக்கு வரும். ஒன்றைக் கடிப்பார், கண்ணை மூடிக் கேட்பார். "இன்னும் ரெண்டு நிமிஷம் அடுப்புல இருக்கணும்" என்பார். அல்லது "மாவுல தண்ணி கூட" என்பார். சொன்னால் சொன்னதுதான். வாலிபத்தில் மர ஆலையில் நின்று இடது காது மங்கிப் போனதால் வலது காதுக்குப் பக்கத்தில், வலது கடைவாயில் கடித்தால்தான் அவருக்கு ரொட்டி பேசும்.

அந்தக் கடைவாய்ப் பற்கள் இரண்டும் போனது ரொட்டியால் அல்ல. மேலாளர் ஸ்டெல்லனின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில் ஓர் ஆலிவ் கொட்டையால் போனது. ஒன்று பிளந்தது, பக்கத்துப் பல்லின் வேரையும் கெடுத்தது. இரண்டையும் எங்கள் பேட்டைப் பல் மருத்துவர் சோல்வெய்க் பிடுங்கி எடுத்தார்.

சில மாதம் கழித்து சோல்வெய்க் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மேல சைனஸ் அறை இறங்கி வந்திருக்கு சிக்ஸ்டன். அதுக்கும் ஈறுக்கும் நடுவுல அஞ்சு மில்லிமீட்டர்தான் எலும்பு. பல்லைத் தாங்கற திருகு நிக்கணும்னா குறைஞ்சது பத்து வேணும். பக்கவாட்டுல சின்னதா ஒரு ஜன்னல் வெட்டி, சவ்வைத் தூக்கி, அடியில எலும்புத் தூளைப் போட்டு அடைப்பாங்க. ஆறு மாசத்துல கெட்டியாயிடும். அப்புறம் ரெண்டு திருகு, மேல ரெண்டு பல்லு. அவ்வளவுதான்."

"நீங்களே செஞ்சிடுவீங்களா?"

"திருகு நான் போட்டுடுவேன். எலும்பு போடறது எலும்பு மையம், அவங்க முடிச்சு அனுப்பினதும் வாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சீக்கிரம் போங்க. பல்லு இல்லாத இடத்துல எலும்பு சும்மா இருக்காது. கரைஞ்சுகிட்டே போகும்."

தொழிற்சாலையில் ஸ்டெல்லன் நல்ல மனிதன். ஊசி பொருத்திய ஜெர்மன் இயந்திரம் ஒன்று பரிசோதனைக்கு வந்திருந்தது. அது ரொட்டியைக் குத்தி ஓர் எண்ணைச் சொல்லும். "உங்க நாற்காலியை நான் விடமாட்டேன்" என்றார் ஸ்டெல்லன். "ஆனா அடுத்த வருஷம் தாண்டி, அதுக்கடுத்த வருஷம் ஜூன்ல வர்ற நடுக்கோடைத் திருநாள் வரைக்கும்தான். அதுக்கு மேல முதலாளிங்க இந்த மெஷினைத்தான் உக்கார வைப்பாங்க." அதுவரை சிக்ஸ்டன் பொட்டலப் பிரிவில் சீட்டு ஒட்டினார். இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறதே, தாராளம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

மேல்தாடை எலும்பு மையம் ஏப்ரலில் அழைத்தது. நீள்வட்ட மேசை, நடுவில் மெழுகுவத்தி, காப்பி, இலவங்கப்பட்டை பன், சுற்றிலும் ஒன்பது பேர். ஒவ்வொருவரும் தன் பேரை மட்டும் சொன்னார்கள். பதவியைச் சொல்வது அங்கே அநாகரிகம். சிக்ஸ்டன் குனிந்து மனைவியின் காதில் கேட்டார்:

"இதுல யாரு பெரியவரு?"

"கடைசி பன்னை எவன் எடுக்கறானோ அவன்" என்றாள் பெரிட்.

கடைசி பன்னை யாரும் எடுக்கவில்லை. ஒருவர் அதில் பாதியை வெட்டி எடுத்தார், அடுத்தவர் மிச்சத்தில் பாதியை. கூட்டம் முடியும்போது தட்டில் ஒரு திராட்சை அளவு பன் இருந்தது. அதுவும் நியாயமாக இரண்டாக வெட்டப்பட்டிருந்தது.

கூட்டத்தை நடத்தியவர் ஆன்னெலி. மென்மையான குரல், கழுத்தில் பெரிய சால்வை. "உங்களை வரவேற்கறோம் சிக்ஸ்டன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இங்க யாரும் முடிவு எடுக்கறது கிடையாது. முடிவை யாராவது எடுத்தா அது அவங்களோடதா ஆயிடும், இல்லையா? முடிவு தானா வரும். அதுக்கு இடம் குடுக்கறதுதான் எங்க வேலை."

"எத்தனை மணிக்கு வரும்?" என்றாள் பெரிட்.

ஒன்பது பேரும் அன்போடு சிரித்தார்கள். அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

ஐந்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் முதல் பிரிவு, உடனே வேலையைத் தொடங்கலாம் என்று சுவரில் ஓர் அட்டவணை இருந்தது. சிக்ஸ்டனுக்குச் சரியாக ஐந்து. அறுவை செய்யும் ஹென்னிங் பாக்கே என்பவர், உயரமான, வெட்கப்படுகிற ஆள், "தாராளமா செய்யலாம்" என்றார். யாருக்கும் மறுப்பில்லை. மறுப்பில்லாதது ஆன்னெலிக்குக் கவலையாக இருந்தது.

"எல்லாரும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போறோம்னா, யாரோ ஒருத்தர் மனசுல எதையோ அடக்கி வச்சிருக்கோம்னு அர்த்தம். வீட்டுக்குப் போங்க. இந்த முடிவோட கொஞ்ச நாள் வாழ்ந்து பாருங்க. அடுத்த கூட்டத்துல பேசலாம்."

அடுத்த கூட்டம் ஜூனில். ஜூனில் இரண்டு பேருக்குப் பிள்ளைகளின் பள்ளி விழா. ஜூலையில் நாடே பூட்டிக்கிடக்கும், எலும்பைத் தவிர எல்லோருக்கும் விடுமுறை. ஆகஸ்டு முடிவில் புதிதாகப் படம் எடுத்தார்கள். நான்கு புள்ளி நான்கு. ஆகவே சிக்ஸ்டன் இனி முதல் பிரிவு அல்ல, இரண்டாம் பிரிவு. இரண்டாம் பிரிவின் கூட்டம் மாடியில் நடக்கும். அதே ஒன்பது பேர்தான், ஆனால் மாடியில் ஏலக்காய் பன்.

அந்த மாடிக் கூட்டத்தில்தான் மூச்சு விவகாரம் முளைத்தது. சிக்ஸ்டன் ஊர்ப் பக்கத்து வடக்கத்திக்காரர்கள் 'ஆமாம்' என்று வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். உதட்டைக் குவித்து, ஷ்ஷுப் என்று காற்றை உள்ளே இழுப்பார்கள். அங்கே கல்யாணத்தில் மணமகன் அப்படி இழுத்தால் பாதிரியார் மேலே படிப்பார். சிக்ஸ்டன் முப்பது வருடம் இங்கே இருந்தும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

"இதுவரைக்கும் பேசினதுக்கு நீங்க சம்மதிக்கிறீங்களா சிக்ஸ்டன்?" என்று ஆன்னெலி கேட்டார்.

சிக்ஸ்டன் ஷ்ஷுப் என்று இழுத்தார்.

குறிப்பெழுதியவர் தலைநகரிலிருந்து புதிதாக வந்தவர். 'கேள்வி கேட்டதும் நோயாளிக்கு மூச்சுத் திணறல்' என்று எழுதிவிட்டார். பெரிட் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "அது திணறல் இல்லம்மா, அது ஆமாம்! என்னைக் கல்யாணம் பண்ணிக்கறியான்னு நான் கேட்டப்பவும் இப்படித்தான் உறிஞ்சினான்!" எழுதியது எழுதியதுதான். சைனஸுக்கு அடியில் அறுவை நடக்கவிருப்பவருக்கு மூச்சுத் திணறினால் மூக்கு மருத்துவரிடம் அனுப்பாமல் இருக்க முடியுமா? அனுப்பினார்கள். ஏழு வாரம் கழித்து அறிக்கை வந்தது. சிக்ஸ்டனின் வலது சைனஸ், அந்த வயதுக்காரர்களிடம் காணக் கிடைக்காத அளவுக்கு அருமையான ஆரோக்கியத்தில் இருப்பதாக.

நல்ல செய்தி என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். ஆனால் மேசையில் ஒருவருக்கு மனசாட்சி உறுத்தியது. இவ்வளவு ஆரோக்கியமான ஓர் அறையின் தரையை நாம் கீழேயிருந்து உயர்த்தப் போகிறோமே, அதன் தரப்பை யாராவது கேட்டோமா? எல்லோரும் வெட்கத்தோடு காப்பிக் கோப்பையைப் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் பத்தாவதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். சைனஸ் நலப் பிரதிநிதி, இங்வே. முன்பு நகரசபையில் கட்டட அனுமதி பார்த்தவர்.

"ஐம்பத்தெட்டு வருஷமா அந்த அறை அங்க இருக்கு" என்றார் இங்வே. "எனக்கு யார் மேலயும் கோபமில்லை. எலும்புக்கு எதிரியும் இல்லை நான். ஆனா ஒரு வெற்றிடத்துக்கு வாயில்லைங்கறதால அதை நிரப்பிடலாமா? வெற்றிடமா இருக்கறதும் ஒரு பங்களிப்புதான். நான் முப்பது வருஷம் நகரசபையில இருந்தவன், எனக்குத் தெரியும்."

கட்டடத்தை உயர்த்தினால் அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டும் அல்லவா? ஒரு வாரம் கழித்து ஹால்கிரேன் வீட்டுக்குக் கடிதம் வந்தது. 'சம்பந்தப்பட்ட அண்டை வீட்டாருக்கு' என்று தொடங்கிய அது, சிக்ஸ்டனின் மேல்வலது முன்கடைவாய்ப் பல்லுக்கு எழுதப்பட்டிருந்தது. மூன்று வாரத்துக்குள் பல் தன் ஆட்சேபங்களை எழுத்துமூலம் தெரிவிக்கலாம். பல்லின் சார்பில் சிக்ஸ்டன் கையெழுத்திட முடியாது, ஏனென்றால் இந்த விஷயத்தில் அவருக்குச் சுயலாபம் இருக்கிறது. எனவே பெரிட்டைப் பல்லின் காப்பாளராக நியமித்தார்கள். அவள் சலவை அறையில் என் முதுகின் மீது காகிதத்தை வைத்து எழுதினாள்: 'பல்லுக்கு ஆட்சேபம் இல்லை. பல்காரன் பெண்டாட்டிக்கு நிறைய உண்டு.'

அதற்குள் எலும்பு மூன்று புள்ளி ஏழு. மூன்றாம் பிரிவு. கட்டடத்தின் பின்பக்கம், குங்குமப்பூ பன், ஏனென்றால் டிசம்பர் வந்துவிட்டது, அந்த மாதம் இங்கே எல்லோரும் சுடுவது அதுதான்.

மூன்றாம் பிரிவில் கேள்வி, எந்த எலும்பு என்பது. சிக்ஸ்டனின் இடுப்பிலிருந்தே எடுக்கலாம். சுத்திகரித்துப் பொடியாக்கிய மாட்டெலும்பு போடலாம், பெரும்பாலானவர்களுக்கு அதுதான். ஹென்னிங் மாட்டெலும்பு என்றார். மையத்துக்கு ஒரு விழுமியப் பட்டியல் உண்டு. திறந்தமனம், மரியாதை, முழுமை என்ற மூன்று சொற்கள் வாசலில் கண்ணாடியில் பொறித்திருக்கும். மாடு இந்த மூன்றோடும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஜனவரி முழுவதும் போயிற்று.

"அந்த மாடு எப்படி வாழ்ந்ததுன்னு தெரிஞ்சா உங்களுக்கு நிம்மதியா இருக்குமில்லையா?" என்று ஆன்னெலி கேட்டார்.

"அது நல்லா மென்னிருக்கும்" என்றார் சிக்ஸ்டன். "எனக்கு அது போதும்."

அந்த இரண்டு வாக்கியம்தான் அவர் ஒரு வருடத்தில் அந்த மேசையில் பேசிய மிக நீளமான பேச்சு. பெரிட் அன்று வீடு திரும்பும் டிராமில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாளாம். பிடித்ததை என்னிடம் சொல்லும்போதும் கோபமாகத்தான் சொன்னாள்.

இன்னொன்றையும் பதிவேட்டில் சரிசெய்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். மூச்சுத் திணறல் தவறு என்பதை மையம் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டது. மன்னிப்புக் கடிதம் வந்தது. இனி தவறு நேராமலிருக்க சிக்ஸ்டனுக்கென்றே படிவத்தில் ஒரு கட்டம் அச்சிட்டார்கள்: 'சம்மதம் தெரிவிக்கும் முறை: உள்மூச்சு.' அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான்.

மார்ச்சில் அறுவை நடந்தது. இங்கே நான் நியாயமாக இருக்க வேண்டும். ஹென்னிங்கின் கை பொன்னான கை. பக்கவாட்டில் நகக்கண் அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டினார். அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டுக்குள் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி சவ்வு. அதைக் கிழியாமல் தூக்கினார். மணல் போன்ற எலும்புத்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து அடைத்தார். நாற்பது நிமிடம். முழு நேரமும் மெல்ல ஏதோ பாட்டை முணுமுணுத்தாராம். ஒரு வருடம் பேசியதை நாற்பது நிமிடத்தில் செய்துவிட்ட வெட்கமோ என்னவோ, முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஆறு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். உறிஞ்சுகுழாய் கூடாது. எந்தக் காரணம் கொண்டும் காற்றை உள்ளே உறிஞ்சி இழுக்கக் கூடாது. இழுத்தால் சவ்வு கிழியலாம்.

ஒரு வாரம் கழித்துத் தொடர்கூட்டம்.

"அடுத்த கட்டத்துக்குப் போக சம்மதமா சிக்ஸ்டன்?"

சிக்ஸ்டன் உதட்டைக் குவித்தார். பெரிட் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினாள். அவர் தலையை ஆட்டினார், நன்றாக, மூன்று முறை.

"தலையாட்டறது தெரியுது" என்றார் ஆன்னெலி வருத்தத்தோடு. "ஆனா உங்க சம்மதம் மூச்சுன்னு பதிவாயிருக்கு. உங்களுக்காகத்தான் அந்தக் கட்டத்தையே அச்சடிச்சோம். வேற எதையாவது ஏத்துக்கிட்டா உங்க அடையாளத்தை நாங்க மதிக்கலைன்னு ஆயிடும்."

"ஆமாம்!" என்றார் சிக்ஸ்டன், வாயைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

மேசை அதிர்ந்தது. ஒருவர் காப்பியைச் சிந்திவிட்டார். இங்வே நாற்காலியை இரண்டு அங்குலம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். 'நோயாளி குரலை உயர்த்தினார்' என்று குறித்துக்கொண்டார்கள். மனவேறுபாட்டு ஆலோசகரோடு சிக்ஸ்டனுக்கு மூன்று அமர்வுகள் ஏற்பாடாயின. மூன்றாவது அமர்வுக்குள் ஆறு வாரம் முடிந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் சிக்ஸ்டன் ஷ்ஷுப் என்று இழுத்தார். எல்லோருக்கும் கண் கலங்கியது.

செப்டம்பரில் படம் எடுத்தார்கள். பதின்மூன்று மில்லிமீட்டர்.

மையத்தின் வரலாற்றில் அப்படி ஓர் எலும்பு வளர்ந்ததில்லை. படத்தைப் பெரிதாக்கி வாசல் கண்ணாடியில் மூன்று விழுமியங்களுக்குக் கீழே ஒட்டினார்கள். வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். நவம்பரில் ஒரு விழா வைத்து, 'ஆண்டின் எலும்பு' என்று ஒரு கண்ணாடிக் கட்டியைச் சிக்ஸ்டன் கையில் கொடுத்தார்கள். பிறகு அதை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள், பரிசு எலும்புக்குத்தான் என்பதால்.

விழாவுக்கு மறுவாரம் பெரிட் கேட்டாள்: "திருகு போட எப்போ அனுப்புவீங்க?"

ஹென்னிங், காதெல்லாம் சிவந்து, சொன்னார்:

"இதுல ஓட்டை போடணும்ங்கறீங்களா?"

"பின்ன?"

"பெரிட், நீங்க இந்தப் படத்தை நிதானமா பாத்திருக்கீங்களா? இந்த அடர்த்தியைப் பாருங்க. இந்த விளிம்பைப் பாருங்க. பத்தொம்பது வருஷத்துல நானூறு தாடைக்கு எலும்பு வச்சிருக்கேன், இப்படி ஒண்ணு எனக்கு அமைஞ்சதில்லை. இதுல நாலு மில்லிமீட்டர் அகலத்துக்கு ரெண்டு துளை... அனுப்ப எனக்கு மனசு வராது."

"எலும்பு எதுக்கு வச்சீங்க?"

"இருக்கறதுக்கு" என்றார் ஹென்னிங், மனப்பூர்வமாக.

ஆன்னெலி சால்வையைச் சரிசெய்துகொண்டு அன்போடு விளக்கினார். "நாங்க எலும்பு மையம், பெரிட். எலும்புல நாங்க ரொம்ப நல்லா வந்திருக்கோம். பல்லுங்கறது அதுக்கப்புறம் மனுஷங்க அவங்கவங்க வாழ்க்கையில செஞ்சுக்கற ஒண்ணு. அதுல நாங்க தலையிட்டா நல்லாயிருக்காது. அதுவுமில்லாம, இந்த எலும்பை அப்படியே விட்டுடலாம்ங்கறதுல முதல் தடவையா, யாரும் மனசுல எதையும் அடக்கி வைக்காம, எங்க எல்லாருக்கும் ஒரே கருத்து. ஒரே நிமிஷத்துல. இந்த மேசையில இது வரைக்கும் நடக்காத ஒண்ணு. அதை எப்படி நாங்க கலைக்க முடியும்?"

அன்று மாலை சிக்ஸ்டன் சமையலறையில் உட்கார்ந்து அழுதார். பெரிட்டுக்கு அவர் அழுது பார்த்துப் பழக்கமில்லை. "சீட்டு ஒட்டறேன் பெரிட்" என்றாராம். "ரெண்டு வருஷமா பொட்டலத்து மேல சீட்டு ஒட்டறேன். அந்த மெஷின் 'ஏழு' ங்குது, 'ஏழரை' ங்குது. உள்ள ரொட்டி ஈரமா போகுது, எனக்கு வாசனையிலயே தெரியுது, ஆனா உறுதியா சொல்ல முடியல. பல்லு வந்தாலும் எனக்குக் காது மறந்து போயிருக்குமோன்னு பயமா இருக்கு." இதைச் சொல்லும்போது பெரிட் மூன்றாம் எண் இயந்திரத்தின் கதவை மெதுவாகச் சாத்தினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜனவரியில் இருவரும் சோல்வெய்க்கிடம் போனார்கள். அவர் படத்தைத் தூக்கி விளக்கில் பார்த்தார்.

"அடேயப்பா. இதுல கட்டடமே கட்டலாம். எதுக்குக் காத்திருக்கீங்க?"

"அவங்க வேண்டாம்ங்கறாங்க."

"எனக்கு யாராவது வேண்டாம்னு எழுதியிருக்காங்களா?" மேசையில் இருந்த மையத்துக் கடிதங்களைப் புரட்டினார். "பன் சாப்பிட வாங்கன்னு எழுதியிருக்காங்க. எலும்பைப் போற்றுவோம்னு எழுதியிருக்காங்க. திருகு போடாதேன்னு யாரும் எழுதலை. எழுதணும்னா எல்லாரும் ஒத்துக்கணும் பாருங்க, அதுக்கு ஒரு வருஷம் ஆகும். வாயைத் திறங்க."

இரண்டு நோயாளிகளுக்கு நடுவில், ஐம்பது நிமிடத்தில், இரண்டு திருகு. ஐந்து மாதம் எலும்பு அவற்றைப் பிடித்துக்கொள்ளட்டும் என்றார். அதுவரை வலது பக்கம் எதையும் கடிக்கக் கூடாது. ஜூனில், நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தைய புதன்கிழமை காலை, திருகுகளின் மேல் இரண்டு பற்களையும் பொருத்தினார். மறுநாள் வியாழக்கிழமை தொழிற்சாலையில் ஸ்டெல்லன் சோதனை வைத்திருந்தார். ஒரு பக்கம் இயந்திரம், ஒரு பக்கம் சிக்ஸ்டன்.

அதே புதன்கிழமை மதியத்துக்கு மையம் அழைத்திருந்தது. சிக்ஸ்டன் திருகு போட்டுக்கொண்டது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பதிவேட்டை மூட வேண்டும், ஆனால் சம்பந்தப்பட்டவர் இல்லாமல் மூட முடியாது. "போக வேண்டாம் கிழவா" என்று பெரிட் சொன்னாள். "இல்ல, கூப்பிட்டாங்க, போயிடுவோம்" என்றார் அவர். என் காரில்தான் மூவரும் போனோம். வழியில் அவர் நாக்கால் புதுப் பற்களைத் தடவிக்கொண்டே வந்தார்.

வாசல் கண்ணாடியில் படம் இருந்த இடத்தில் கறுப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். மேசையைச் சுற்றிப் பத்துப் பேரும் அடர்நிற உடையில். எனக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

"முதல்ல ஒரு நிமிஷம் அமைதியா இருப்போம்" என்றார் ஆன்னெலி. இருந்தோம். ஹென்னிங் தலை குனிந்திருந்தார். "சிக்ஸ்டன், நாங்க உங்களைக் குறை சொல்லலை. ஆண்டறிக்கையில உங்க எலும்பை 'இழப்பு' ங்கற பத்தியில போட வேண்டியதாயிடுச்சு, அவ்வளவுதான். துக்கம் எங்களுக்கு. நீங்க அதை மனசுல வச்சுக்க வேண்டாம். காப்பி எடுத்துக்கோங்க."

துக்கநாள் என்பதால் பன் இல்லை. தட்டில் வெண்ணெய், கொஞ்சம் பாலாடைக்கட்டி, பிரித்த பொட்டலத்தோடு மொறுரொட்டி.

சிக்ஸ்டன் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார். பெரிட் அவரைப் பார்த்தாள். அவர் ஒரு துண்டை எடுத்தார், எதுவும் தடவாமல். வலது பக்கம் கொண்டுபோய், கண்ணை மூடிக் கடித்தார்.

அந்த அமைதியில் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவர் மென்றார். ஹென்னிங் தலையை நிமிர்த்தினார்.

"அது என்ன சத்தம்?"

"மெல்லறான்" என்றாள் பெரிட்.

ஹென்னிங் எழுந்து மேசையைச் சுற்றி வந்து சிக்ஸ்டனின் கன்னத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். பத்தொன்பது வருடம், நானூறு தாடை, அந்த மனிதர் இதைக் கேட்டதே இல்லை. "மென்னுக்கிட்டே இருங்க" என்றார் மெல்ல. அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே அவர் மீதிருந்த கோபம் பாதி போய்விட்டது.

சிக்ஸ்டனுக்கு அதெல்லாம் தெரியவில்லை. நெற்றியைச் சுருக்கி, தலையை வலப்பக்கம் சாய்த்து, எங்களில் யாருக்கும் கேட்காத எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு முறை கடித்தார். பிறகு கண்ணைத் திறந்தார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்த முகத்தில் சிரிப்பு வந்தது.

"இது நம்ம ரொட்டிதான். அடுப்புல சரியா வெந்திருக்கு, மாவுலயும் தப்பில்லை. ஆனா நமுத்துப் போச்சு. திறந்து நாலு நாள் ஆச்சு, அஞ்சு இருக்காது. பொட்டலத்தை ஏன் மூடி வைக்கலை?"

பெரிட் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பத்துப் பேரும் பொட்டலத்தைப் பார்த்தார்கள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறந்தோம்" என்றார் ஆன்னெலி. "யாரு மூடறதுன்னு இன்னும் பேசிக்கிட்டிருக்கோம்."